நடையா, இது நடையா?

கே: நடப்பதற்கு ‘வாக்’ என்ற ஒரு சொல் போதாதா? ஸ்ட்ரோல், ஸ்ட்ரட், ட்ரட்ஜ் என்று ஆங்கிலத்தில் எதற்கு இத்தனை?

ப: நடக்கிறவரின் மனசையும் வினைச்சொல்லுக்குள்ளேயே திணித்துவிடுவது அவர்கள் வழக்கம். சாப்பிட்டது செரிக்கக் காற்று வாங்கப் போனால் ஸ்ட்ரோல். புதுப்பதவி கிடைத்தவர் அதே தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனால் ஸ்ட்ரட். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுச் சேற்றில் காலை இழுத்து இழுத்து வந்தால் ட்ரட்ஜ். நாம் ஏறு, இறங்கு, நுழை என்று திசையை வினையில் வைப்போம். ‘தளர்ந்து’, ‘தள்ளாடி’ என்று தினுசை முன்னால் சேர்ப்போம். அவர்கள் தினுசை வினையில் வைத்துவிட்டு, திசைக்கு ‘அப்’, ‘டவுன்’, ‘இன்’ என்று குட்டிச் சொற்களை ஒட்டுவார்கள். லெனர்ட் டால்மி என்ற மொழியியலாளர் மொழிகளை இப்படித்தான் இரண்டு கட்சியாகப் பிரித்தார். ஸ்பானிஷ் நம்ம கட்சி.

கே: வாக் எங்கே முடிகிறது, ரன் எங்கே தொடங்குகிறது?

ப: ஒலிம்பிக் நடைப் போட்டி நடுவரைக் கேளுங்கள். ஒரு காலாவது தரையில் இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. கண்ணுக்குத்தான், கேமராவுக்கு இல்லை.

கே: க்ளைம்ப் என்றால் ஏறுவது. அப்புறம் என்ன ‘க்ளைம்ப் டவுன்’?

ப: மேலே போக வேண்டும், அல்லது கைகாலால் பற்றிப் போக வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் க்ளைம்ப். அணில் மரத்தில் ஏறினாலும் இறங்கினாலும் க்ளைம்ப்தான். விமானத்துக்குக் கைகால் இல்லை. ஆகவே ஏறும்போது மட்டும் க்ளைம்ப், இறங்கும்போது டிசெண்ட். அடித்துப் பேசிய தலைவர் மறுநாள் பின்வாங்கினால் அதுவும் க்ளைம்ப் டவுன். அதற்குக் கைகால் தேவையில்லை, கொஞ்சம் தடித்த தோல் போதும்.

கே: ஆபீஸிலிருந்து கிளம்பும்போது ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்றேன். வெள்ளைக்கார மேலாளர் விழித்தார்.

ப: ஆங்கிலத்தில் போகிறவர் போய்விடலாம், யாரும் அபசகுனமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘ஐயாம் ஆஃப்’ போதும்.

கே: ‘கோ’வுக்கு இறந்தகாலம் ‘வென்ட்’ எப்படி?

ப: கடன். வளைந்து வளைந்து செல்வதைக் குறிக்கும் ‘வெண்ட்’ என்ற வினையின் இறந்தகாலம் அது. வாங்கிய ‘கோ’ திருப்பித் தரவே இல்லை. பறிகொடுத்தது, பாவம், ‘வெண்டட்’ என்று புதிதாக ஒன்று செய்துகொண்டது.

கே: இத்தனையையும் மனப்பாடம் செய்தாக வேண்டுமா?

ப: வேண்டாம். பேச ‘வாக்’ போதும். மற்றவை நாவல் படிக்கும்போது தானாக ஒட்டிக்கொள்ளும். மனப்பாடத்தில் இறங்கினால் கரையேற முடியாது: ‘ரன்’ என்ற ஒரே வினைக்கு ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்காரர்கள் எண்ணிய பொருள்கள் 645.