முப்பதுக்கு நாப்பதுல ஒரு கோட்டை

வா மாப்ள, உக்காரு. பிளானைப் பாத்தேன். முப்பதுக்கு நாப்பது சைட்டு. அதுல முன்னால உருண்டையா ஒரு கோபுரம், அதுக்குக் கூம்புத் தொப்பி, தெருவைப் பாத்து வயிறு தள்ளின சன்னல், மேல புகைபோக்கி. விக்டோரியன் ஸ்டைல்னு சொல்லி இஞ்சினியர் சதுரடிக்கு ரேட்டையும் கூட்டிட்டாராமே. ரொம்ப அழகு. பீரங்கியை எங்க நிறுத்தப் போறன்னுதான் பிளான்ல காணோம்.

கோவிச்சுக்காத. இந்த ஆசை ஓசூருக்குப் புதுசில்ல. விக்டோரியா ராணி காலத்துல சேலம் கலெக்டரா இருந்த பிரெட் துரைக்கு நம்ம ஊர்க் குளிரு புடிச்சுப் போச்சு. கிட்டத்தட்ட 3000 அடி ஒசரம். சேலத்து வெயில்ல வெந்த மனுசனுக்குக் கேக்கணுமா? இங்கயே கோட்டை மாதிரி ஒரு வீட்டைக் கட்டி, இங்கிலாந்துல இருக்கிற கெனில்வொர்த் கோட்டையோட பேரையே வெச்சார். கட்டிக்கப் போற அம்மா, கோட்டை இருந்தாத்தான் கப்பலேறுவேன்னு சொன்னதாவும், இவர் கட்டி முடிச்சும் அந்தம்மா வரவே இல்லைன்னும் ஊர்ல ஒரு கதை. நெசமோ பொய்யோ, உன் வீட்டுக்காரிகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாத.

வேடிக்கையைக் கேளு. அந்த அசல் கெனில்வொர்த்தை 1649-லயே பார்லிமென்ட் படை இடிச்சுப் போட்டுடுச்சு. வால்டர் ஸ்காட் 1821-ல அதே பேர்ல நாவல் எழுதவும், இடிபாட்டுக்கே மவுசு வந்துச்சு. கூரான வளைவு, கொத்தளம்னு புது வீட்டையே பழசாட்டம் கட்டறது அந்தக் காலத்து துரைமாருக்கு ஒரு பைத்தியம். இப்ப நம்ம பிரெட் துரை கட்டினதும் இடிஞ்சுதான் கெடக்குது. நகல் எடுத்தா இப்படி அசலை உரிச்சு வெச்சாப்ல எடுக்கணும்!

அவங்க ஊர்ல கூரையை ரொம்பச் சரிவா போட்டது மழையும் பனியும் தங்காம வழுக்கி விழறதுக்கு. சன்னலை வெளிய தள்ளினது, கெடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை மூணு பக்கமும் புடிச்சுக்க. உனக்கு மூணு பக்கமும் கெடைக்கப் போறது மூணு வீட்டு மிக்சி சத்தம்.

துரைமாரும் எல்லாரும் ஏமாளி இல்ல, மாப்ள. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போறியே, கன்டோன்மென்ட் பக்கம் மிச்சம் இருக்கிற பழைய பங்களா ஒண்ணை நின்னு பாரு. சன்னலுக்கும் முகப்புக்கும் மேல மரப்பலகையைச் சீரா வரிசை கட்டி, நடுவுல கூரா முடிச்சு, ஒரு தொப்பி இருக்கும். மங்கி டாப்னு சொல்வாங்க. கீழ்நுனியைக்கூட விடாம ஆசாரி செதுக்கியிருப்பாரு. பாக்க அலங்காரம், ஆனா சாரல் உள்ள வராது, வெயில் மூஞ்சில அடிக்காது, காத்து மட்டும் வரும். 1865-ல பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை போட்ட பின்னால, மேல அந்தச் செவப்பு ஓடும் ஏறிச்சு. உள்ள ஒசரமான சுவரு, உச்சியில வென்டிலேட்டர். கீழ நின்னு கயித்தை இழுத்தா அது தொறக்கும், சூடு வெளிய போயிடும். கரண்ட் பில்லு கெடையாது.

உன் பிளான்ல என்ன இருக்கு? பத்தடியில தளம், அதுக்குக் கீழ ஃபால்ஸ் சீலிங், அதுக்குக் கீழ ஏசி. வராந்தா போடச் சொன்னா எடமில்லைங்கற. கோபுரத்துக்கு எடம் இருக்குது.

பிளான்ல தூணு வேற போட்டிருக்க. அதைப் பத்திச் சொன்னா எனக்கு வாய் சும்மா இருக்காது. கிருஷ்ணகிரிக் கல்லு கப்பலேறி எந்தெந்த தேசத்துக்கோ போவுது. நீ தெர்மாகோலைக் கடைஞ்சு, மேல சிமெண்ட்டைப் பூசி ராஜா வீட்டுத் தூணுங்கற. பசங்க கிரிக்கெட் ஆடுற தெரு, பாத்துக்க.

புகைபோக்கியை அடிச்சுடு, அதுல புறாதான் குடியேறும். கோபுரக் காசுல முன்னால ஆறடி வராந்தா போட்டு மங்களூர் ஓடு வேயி. சன்னல் மேல ஆசைக்கு ஒரு மங்கி டாப் வெச்சுக்க, நான் குறுக்க நிக்கல. லோன் பேப்பர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்ன, அந்த இஞ்சினியரை ஒரு நாள் இங்க கூட்டிட்டு வா. காப்பி நான் தர்றேன்.