பணத்துக்கு உறை ஊற்றுவது எப்படி?

தேவையான பொருட்கள்: பணம் இருக்கும் வங்கிக் கணக்கு ஒன்று. கடை வாசலில் ஒட்டிய க்யூஆர் அட்டை ஒன்று. முன்பின் தெரியாத வாடிக்கையாளர் ஒருவர். பொறுமை, வீட்டில் இருக்கும் மட்டும்.

ஒரு சட்டிப் பால் தயிராக எவ்வளவு மோர் வேண்டும்? ஒரு கரண்டி போதும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பணமும் அப்படித்தான். என் கணக்கில் இருந்த பால் 1,13,462 ரூபாய். அதில் விழுந்த உறைமோர் 620 ரூபாய். ஒரே ராத்திரியில் கரண்டி நட்டால் நிற்கும் பதத்துக்கு உறைந்துவிட்டது. இந்த அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வங்கியில் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

முதலில் உறைமோர் வாங்கும் விதம். எனக்குத் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. ஒரு நாள் சாயங்காலம் கடை அடைக்கும் நேரத்தில் ஒரு தம்பி வந்தான். கல்லூரி ப்ராஜெக்ட், நான்கு பிரதி, ஸ்பைரல் பைண்டிங். மேலட்டை நீலத்தில்தான் வேண்டுமாம். என்னிடம் நீலம் தீர்ந்துபோயிருந்தது. பக்கத்துத் தெருக் கடையில் நான்கு அட்டை கடன் வாங்கி வந்து போட்டுக் கொடுத்தேன். தம்பி போனை நீட்டினான். "அறுநூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று சவுண்ட் பாக்ஸ் தெருவுக்கே அறிவித்தது. நானும் பெருமையோடு ஷட்டரை இறக்கினேன். பதினோராம் நாள் பேப்பர் பண்டல்காரருக்குப் பணம் அனுப்பினால் போகவில்லை.

இந்த இடத்தில் புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரு தப்பு செய்வார்கள். இதைச் சாதாரணக் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். நம் கணக்கில் கழிந்து எதிராளிக்குப் போய்ச் சேராத பணம் வேறு சாதி. அதற்கு ரிசர்வ் வங்கி 2019லேயே கெடு வைத்திருக்கிறது. ஆளுக்கு ஆள் அனுப்பிய யுபிஐ பணம் என்றால் மறுநாளைக்குள், கடைக்காரருக்குக் கட்டியது என்றால் ஐந்து நாளைக்குள் திரும்பிவிட வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நாம் கேட்காமலே தர வேண்டும். அந்த நூறு ரூபாயைக் கேட்காமல் வாங்கிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை என்பது தனிக்கதை. அது பால் பொங்கி வழிவது மாதிரி. துடைத்துவிட்டுப் போகலாம். நாம் பார்க்க வந்தது உறைவதை.

எனவே நேராக வங்கிக்குப் போங்கள். டோக்கன் எடுங்கள். கவுண்டரில் இருக்கும் பெண் திரையைப் பார்ப்பார், உங்களைப் பார்ப்பார், மறுபடி திரையைப் பார்ப்பார். அந்த இரண்டாம் பார்வையில் நீங்கள் வாடிக்கையாளர் என்ற நிலையிலிருந்து இறங்கிவிட்டீர்கள் என்று பொருள். "சைபர் கம்ப்ளெய்ன்ட் இருக்கு சார். டெபிட் ஃப்ரீஸ் ஆகியிருக்கு." என் பணம் என்ன ஆகும் என்று கேட்டேன். அப்போது அவர் சொன்ன வாக்கியத்தைப் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஏனென்றால் இனி போகிற இடமெல்லாம் இதையேதான் கேட்கப் போகிறீர்கள்.

"உங்க பணம்தான் சார். எங்கேயும் போகாது."

போகாது என்பதுதானே என் புகாரே!

இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், எனக்கே முப்பது நாள் கழித்துத்தான் புரிந்தது. எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவரைப் போலி போலீஸ் வீடியோ காலில் மிரட்டியோ, வீட்டிலிருந்தே வேலை என்று ஆசை காட்டியோ பணத்தைப் பிடுங்கிவிடுகிறார்கள். அவர் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கிறார், அல்லது சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிகிறார். உடனே அந்தப் பணம் போன வழியெல்லாம் விரட்டிக்கொண்டு போகிறார்கள். முதல் கணக்கு, அதிலிருந்து பிரிந்த பத்துக் கணக்கு, அந்தப் பத்திலிருந்து நூறு. ஒவ்வொரு அடுக்குக்கும் லேயர் என்று பெயர். என் 620 நாலாவது லேயராம். நீல அட்டை கேட்ட தம்பி திருடனா, தன் கணக்கை வாடகைக்கு விட்டவனா, பழைய பைக்கை யாருக்கோ விற்ற அப்பாவியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. திருடர்கள் அதற்குள் ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கடைசி லேயரில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்கள் ஜெராக்ஸ் கடைக்காரரும் இளநீர் விற்பவரும்தான். அசையாமல் இருப்பதைப் பிடிப்பது சுலபம் இல்லையா?

இந்த ஏற்பாட்டையே குறை சொன்னால் எனக்கு நாக்கு அழுகிவிடும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இரண்டு லட்சத்தைப் பறிகொடுத்து, அரை மணிக்குள் 1930க்கு அடித்ததால் பெரும்பகுதியை மீட்டார். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்த நாட்டில் திருடனை விரட்ட நிதானமாக நடந்து போனால் முடியாது. ஓடட்டும். ஆனால் 620 ரூபாய்க்குச் சந்தேகம் என்றால் 620 ரூபாயைக் கட்டி வைக்கலாமே. அதற்கு வங்கியிலேயே லீன் என்று ஒரு வசதி இருக்கிறது. அந்தத் தொகையை மட்டும் ஓரமாக நிறுத்திவிட்டு மீதியை எடுத்துக்கொள்ள விடலாம். ஆட்டுக்குட்டி ஒன்று பயிரை மேய்ந்தது என்று தெருவில் உள்ள எல்லா ஆட்டையும் பட்டியில் அடைப்பார்களா?

அடுத்து வெளிநாட்டு முறை. மொழிபெயர்ப்பு, கோடிங் என்று டாலரில் சம்பாதிப்பவர்கள் இதைத்தான் பின்பற்ற வேண்டும். இதில் போலீஸ்கூடத் தேவையில்லை. பேபால் கணக்கில் சந்தேகம் தட்டினால் நிறுவனமே 180 நாள் வரை பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அதன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, நாமும் படிக்காமல் சம்மதம் என்று அழுத்தியிருக்கிறோம். இதில் முன்னோடிகள் உண்டு. மைன்கிராஃப்ட் விளையாட்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன் 2010ல், விளையாட்டு திடீரென்று சக்கைப்போடு போட்ட நேரத்தில், 6 லட்சம் யூரோவுக்கு மேல் முடங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். நன்றாக விற்பதும் சந்தேகத்துக்குரிய நடவடிக்கைதான். 2011 டிசம்பரில் ரெக்ரெட்ஸி என்ற அமெரிக்கத் தளம் ஏழைக் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் பொம்மை வாங்கத் திரட்டிய பணத்தையும் பேபால் பிடித்து வைத்தது. ஊரெல்லாம் காறித் துப்பிய பிறகு விட்டது. நமக்காகத் துப்ப ஊர் இல்லாததால் 180 நாளையும் எண்ணிக்கொண்டிருக்கலாம்.

இனி மனு. நகலுக்கு என்ன வேண்டுமோ அத்தனையும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஆதார், பான், ஆறு மாத ஸ்டேட்மென்ட், கடை உரிமம், அந்த 620 ரூபாய்க்கு ரசீது. ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு இந்த விஷயத்தில் மட்டும் கடவுள் கண் திறந்தார், எனக்குச் செலவு இல்லை. ரசீதுக்குத்தான் திண்டாட்டம். ஜெராக்ஸ் எடுத்ததற்கு யார் பில் போடுகிறார்கள்? கடன் வாங்கிய நான்கு நீல அட்டைக்குப் பக்கத்துக் கடைக்காரர் நோட்டில் எழுதியிருந்த பக்கத்தை நகலெடுத்து இணைத்தேன். என் நேர்மைக்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி, அடுத்தவர் கடன் நோட்டு.

வங்கி கொடுத்தது ஒரு புகார் எண்ணும் வடமாநிலக் காவல் நிலையம் ஒன்றின் முகவரியும்தான். அங்கிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். எனக்கு இந்தி வராது. டீக்கடை அண்ணாச்சி பதினெட்டு வருஷம் தாராவியில் கடை வைத்திருந்தவர், அவரைப் பிடித்தேன். மூன்று நாள் யாரும் எடுக்கவில்லை. நாலாம் நாள் எடுத்தார்கள். அண்ணாச்சி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, டீயை ஆற்றிக்கொண்டே பேசினார். "ஹான் ஜி. ஜெராக்ஸ் ஜி. நஹீ ஜி, சோர் நஹீ ஜி." டீ இரண்டு முறை ஏறி இறங்கியது. வைத்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி சொன்னாரு?"

"திருடன் இல்லவேன்னு சொன்னேன். எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்கன்னான். மெயில் அனுப்பணுமாம் வே."

அனுப்பினேன். பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்தது. என்னைப் போல் எத்தனை ஜெராக்ஸ் கடைக்காரர்கள் அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன். மொத்தம் பதினான்கு மெயில், இரண்டு பதிவுத் தபால்.

இதற்கிடையே ஒரு வேடிக்கை. பணம் வெளியே போகாதே தவிர, உள்ளே வரத் தடையில்லை. க்யூஆர் அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன். ஆட்கள் கட்டக் கட்ட, சவுண்ட் பாக்ஸ் "பெறப்பட்டது, பெறப்பட்டது" என்று குதூகலித்துக்கொண்டிருந்தது. என் கடையில் நானே உண்டியல் வைத்துவிட்டேன். கோயில் உண்டியலாவது அதிகாரிகள் முன்னிலையில் நாள் பார்த்துத் திறப்பார்கள். மூன்றாம் நாள் அட்டையின் மேல் மொட்டை மாடி விளம்பரம் ஒன்றை ஒட்டி மறைத்தேன்.

மேல் முறையீடு செய்ய விரும்புகிறவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த திட்டம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். உட்கார்ந்து முழுவதும் தட்டச்சு செய்த பிறகு அந்தத் திட்டத்தின் விதிகளைப் படியுங்கள், முதலிலேயே படித்தால் சுவாரசியம் போய்விடும். சட்ட அமலாக்க அமைப்பின் உத்தரவுப்படி வங்கி எடுத்த நடவடிக்கை என்றால் அவர் விசாரிக்க மாட்டார். வங்கி போலீஸைக் கைகாட்டும், போலீஸ் மெயிலைக் கைகாட்டும், குறைதீர்ப்பாளர் விதியைக் கைகாட்டுவார். மூவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒருமித்த கருத்துடையவர்கள்: அது உங்கள் பணம்தான்.

மனு எழுதித் தரும் பெரியவர், தாலுகா அலுவலக வேப்பமரத்தடியில் இருப்பவர், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 102 என்று எழுதிவிட்டார். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 106. அடித்துத் திருத்தி மறுபடி அச்செடுத்தோம். அந்தப் பிரிவின்படி முடக்கியதைப் போலீஸ் உடனே மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். எனக்குத் தெரிவிக்க வேண்டாமா என்று பெரியவரைக் கேட்டேன். "உனக்குத்தான் பணம் போகலைன்னாலே தெரிஞ்சிருமே" என்றார்.

கையில் தெம்பும் வக்கீலும் இருப்பவர்கள் உயர் நீதிமன்றம் போகலாம். போனவர்கள் ஜெயித்தும் இருக்கிறார்கள். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023லும், தொகையைக் குறிப்பிடாமல் கணக்கு மொத்தத்தையும் முடக்குவது பிழைப்பைப் பறிப்பது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024லும் சொல்லிவிட்டன. அந்தத் தீர்ப்புகளையும் நகலெடுத்து வங்கிக்குக் கொண்டுபோனேன். மேனேஜர் மரியாதையாக வாங்கி, பக்கங்களைப் புரட்டி, "பிரிண்ட் நல்லா வந்திருக்கு சார்" என்றார்.

அது வரை வீடு எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். என் மனைவி அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலிருந்தும், பழைய பட்டுப்புடவை மடிப்பிலிருந்தும் மொத்தம் 9,400 ரூபாய் எடுத்துப் போட்டாள். ஐநூறு ரூபாய் நோட்டுகளில் சீரக வாசனை. பதினேழு வருஷமாக இந்தப் பணம் என் கண்ணில் படாததற்கு அவளிடம் விளக்கம் கேட்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு விசாரணை போதும்.

எழுபத்து நாலாம் நாள் உருகிவிட்டது. கடிதம் இல்லை, போன் இல்லை. சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை தானாகக் கழிந்தது என்று மெசேஜ் வந்தபோதுதான் தெரிந்தது. என் கணக்கு திறந்த சேதி எனக்கு முன்னால் அந்தப் பெட்டிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஓடிப்போய் வங்கியில் பார்த்தேன். எல்லாம் இருந்தது, 620 மட்டும் லீனில். அது எப்போது வரும் என்றேன். "உங்க பணம்தான் சார்" என்று ஆரம்பித்தார் அந்தப் பெண். நன்றி சொல்லி எழுந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதற்கு மனைவி மோர்ச் சட்டியைக் கழுவிக்கொண்டே, "அது கிடக்கட்டும்ங்க. அடுத்த தடவை உறை ஊத்த ஒரு கரண்டி வேணும்ல" என்றாள். பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "என் 9,400. ஜிபே வேண்டாம்."