அடுத்த மாடல் வந்துரட்டும்

தூத்துக்குடியில் தண்ணிக்கடியில் படமெடுக்கும் கேமரா வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். வாங்கப்போகிறவர்கள் நிறையப் பேர். இந்த இரண்டாவது கூட்டத்தில், ஆறேழு வருஷமாக வாங்கப்போய்க்கொண்டே இருக்கும் ஒரு வகை அண்ணாச்சி உண்டு. ஊரில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார்.

அண்ணாச்சிக்கு வயது நாற்பதை ஒட்டி. கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் உத்தியோகம், அல்லது உப்பளத்தில் கணக்கு, அல்லது அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் ஹார்டுவேர் கடை. பணத்துக்கு முடையில்லை. ஆசையும் பெரிதில்லை: வான் தீவுப் பக்கம் கடலுக்குள் இறங்க வேண்டும், பவளப்பாறைக்கு நடுவே போக வேண்டும், கூட்டமாகத் திரும்பும் மீன்களை நாலு நிமிஷம் படம்பிடிக்க வேண்டும். வான் தீவையும் சேர்த்து மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, வனத்துறையைக் கேட்காமல் அங்கே போக முடியாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அனுமதிக்கு யாரிடம் எழுத வேண்டும் என்று நாம் சொல்ல ஆரம்பித்தால், “அதெல்லாம் கேமரா வந்த பொறவு பாத்துக்கிடலாம்” என்று கையமர்த்திவிடுவார்.

சாயங்காலமானால் பழைய துறைமுகத்துப் பக்கம் டீக்கடையில் ஆளைப் பார்க்கலாம். எதிரே மாலத்தீவு போகும் தோணியில் காய்கறி மூட்டை ஏறிக்கொண்டிருக்கும். அண்ணாச்சி அதைப் பார்க்கமாட்டார். செல்போனில் இரண்டு கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரோ ஒருவர் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார், அதில் இருக்கும் அவர் கண். நிக் உட்மேன் என்பவர் ஆஸ்திரேலியாவிலும் இந்தோனேசியாவிலும் அலைச்சறுக்கு ஆடும்போது தன்னையே படமெடுத்துக்கொள்ள ஆசைப்பட்டது, 2002இல் கம்பெனி தொடங்கியது, 2004இல் வந்த முதல் கோப்ரோ மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஃபிலிம் கேமராவாக இருந்தது, இதையெல்லாம் தாய்மாமன் வீட்டுக் கதைபோல ஒரு பிசிறில்லாமல் சொல்வார். கோப்ரோ ஹீரோ 13 உறை போடாமல் 10 மீட்டர் ஆழம் தாங்கும். இன்ஸ்டா360 எக்ஸ்5 என்றால் 15. டிஜேஐ ஆக்‌ஷன் 5 ப்ரோ 20. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்தக் கல்யாண நாளைத்தான் மனைவி ஞாபகப்படுத்த வேண்டும்.

அந்த டீக்கடைக்குத் திரேஸ்புரத்துச் சங்குகுளிப் பையன்களும் வருவார்கள். ஒருநாள் நடந்த பேச்சு இது.

“பத்து மீட்டருன்னா எத்தனை பாகம் அண்ணாச்சி?”

“அஞ்சரைப் பாகம் வரும்லே.”

“அம்புட்டுத்தானா? எங்க தாத்தா மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒம்பது பாகம் போயிருக்காரே.”

அண்ணாச்சி அசரவில்லை. “தனியா உறை விக்கான். அதைப் போட்டா இது அறுபது மீட்டர் போவும். ஒங்க தாத்தா போவாராலே?”

தாத்தாவின் சாமான்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். காலடியில் ஒரு கல், சிப்பியைப் பொறுக்கிப் போட ஒரு வலைப்பை, கயிறு, மேலே வள்ளத்தில் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கும் நம்பிக்கையான ஆள். அதை வைத்துக்கொண்டு, ஒரு நிமிஷத்தை ஒட்டிய மூச்சில், இந்தக் கரையில் 1961 வரை முத்துக் குளித்தார்கள். அதன்பின் கடலடி முத்துப் பார்களில் சிப்பி தேறவில்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிப் பக்கத்திலேயே சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். அந்தச் சிப்பிகளுக்கே மாதக்கணக்குதான் பிடித்தது. அண்ணாச்சிக்கு ஆண்டுக்கணக்கு.

ஏன் இத்தனை காலம்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய நாள்காட்டியைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நம் கடல் தெளிந்து கிடப்பது தை பிறந்த பிறகு. வாடை தணிந்து, மாசி, பங்குனியில் தண்ணீர் அடிவரை தெரியும். அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பையும் பெரும்பாலும் இந்தப் பருவத்தை ஒட்டித்தான் வைத்தார்கள். கேமரா வாங்கினால் இப்போதுதான் வாங்க வேண்டும். ஆனால் கோப்ரோக்காரர்கள் வழக்கமாகப் புது மாடல் விடுவது செப்டம்பரில். ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை வரிசையாக அப்படித்தான் வந்தது. “இன்னும் ஆறு மாசத்துல புதுசு வரும்போது, இப்பப் போயி பழசுல துட்டப் போடுவானா ஒருத்தன்?” என்பார். நியாயம்தானே? சித்திரை பிறந்ததும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். வள்ளம் போகத் தடையில்லை என்றாலும் அண்ணாச்சி மரியாதைக்காகத் தானும் தடைக்காலம் அனுசரிப்பார். பிறகு கச்சான் காற்று. கடல் கொந்தளித்து மண்ணைக் கிளப்பும். செப்டம்பரில் புது மாடல் வந்துவிடும், ஆனால் விலை நாற்பதாயிரத்துக்கு மேலே நிற்கும். தீபாவளிக்குத் தள்ளுபடி வருமே என்று பொறுப்பார். தீபாவளி வரும், தள்ளுபடியும் வரும், கூடவே வடகிழக்குப் பருவமழையும் வரும். கடல் கலங்கல். “கலங்கத் தண்ணியில இந்த கேமராவும் ஒண்ணுதான், தகர டப்பாவும் ஒண்ணுதான்.” இதிலும் பிழை கண்டுபிடிக்க முடியாது. மறுபடியும் தை பிறக்கும். தண்ணீர் தெளியும். செப்டம்பருக்கு எட்டு மாதம்தான் இருக்கும்.

கேமரா வாங்கவில்லையே தவிர, அதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் வீட்டில் தயார். தண்ணீரில் விழுந்தால் மிதக்க மஞ்சள் கைப்பிடி. நெஞ்சில் மாட்டும் வார். தலையில் கட்டும் பட்டை. சிவப்புக் கண்ணாடி. வேகமான மெமரி கார்டு, அது அசலா போலியா என்று சோதித்த விவரத்தோடு. எந்த கம்பெனி என்று முடிவாகாததால் சிலவற்றில் மூன்று கம்பெனிக்கும் பொருந்துகிற மாதிரி மும்மூன்று. தலைப்பட்டையில் டார்ச்சைச் சொருகிக்கொண்டு அவர் மகன் பள்ளி ஆண்டுவிழாவில் சுரங்கத் தொழிலாளியாக நடித்துப் பரிசு வாங்கிவிட்டான். அந்த வீட்டில் சாகசக் கருவியால் கிடைத்த ஒரே வருமானம் அதுதான்.

மனைவிக்கு இதில் சந்தேகம் ஒன்றே ஒன்று. “ஏங்க, மொதல்ல நீச்சல் படிக்கலாம்லா?”

அண்ணாச்சிக்கு நீச்சல் தெரியாது. முயல் தீவுக்குக் காணும் பொங்கலன்று குடும்பத்தோடு போனபோது முழங்கால் வரை இறங்கியிருக்கிறார். “கேமரா மிதக்கும்டி” என்று மஞ்சள் கைப்பிடியைக் காட்டினார். கேமராவைப் பற்றி அந்த அம்மாள் கேட்கவில்லை.

ட்ரோன் பக்கமும் ஒரு வருஷம் போய் வந்தார். 249 கிராம்தான் எடை, 250க்குள் இருந்தால் விதிகளில் ‘நேனோ’ வகை, கெடுபிடி குறைவு என்று 2021ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளைக் கரைத்துக் குடித்தார். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு அரசு தடை போட்டது. துபாய் மச்சானிடம் சொல்லி ‘சட்டைக்குள்ள சுத்தி’ கொண்டுவரச் சொல்லலாமா என்று யோசித்தவரை, அவருடைய ஆபீஸில் தினமும் பார்க்கும் சுங்கத்துறைத் தாள்களே பயமுறுத்திவிட்டன. வந்தாலும் எங்கே பறக்கவிடுவது? ஒரு பக்கம் துறைமுகம், சுற்றிலும் காவல். உப்பளத்துக்கு மேலே விடலாம். உப்பளத்தை மேலேயிருந்து பார்க்க அவருக்கு ஆசையில்லை, அதைக் கீழேயிருந்து பார்த்தே பாதி வாழ்க்கை போயிற்று.

மற்றவர்கள் எடுத்த படத்தை அவர் பார்க்கும் அழகே தனி. நம் கரையில் ‘தூத்துக்குடி மீனவன்’, அந்தப் பக்கம் மூக்கையூரிலிருந்து ‘உங்கள் மீனவன்’ என்று படகிலிருந்தே படமெடுத்து லட்சக்கணக்கான பேரைப் பார்க்க வைத்த யூடியூப் சேனல்கள் இருக்கின்றன. வலையில் பாறை மீன் துள்ளும். பார்க்கிற நமக்கு வாயூறும். அண்ணாச்சி, “வெள்ளை எரிஞ்சு போச்சு பாத்தீகளா? என்டி ஃபில்டர் போட்டிருக்கணும்” என்பார். 1962இலேயே அக்கரையில் மைக் வில்சன் ‘ரன் முத்து தூவ’ என்று கலரில் சிங்களப் படம் எடுத்தார், கடலுக்கடியில் காட்சிகளெல்லாம் வைத்தார் என்ற தகவலையும் அவர்தான் சொன்னார். அன்றைக்கு அவர்களுக்கு எந்த மாடல் கிடைத்தது என்று கேட்டதற்கு டீக்குச் சர்க்கரை பத்தவில்லை என்றார்.

இவ்வளவும் சொன்னேன் என்பதற்காக ஆளை வெறும் வாய்ப்பந்தல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கேதான் பலரும் அவரைத் தப்பாக எடைபோடுகிறார்கள். ஊரில் கேமரா வாங்கிய அத்தனை பேரும் அவரைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். கடையில் கமிஷன் வாங்காமல் உண்மையைச் சொல்லும் ஒரே ஆள் அவர். “ஒனக்கு முன்னூத்தறுபது டிகிரி எதுக்குலே? பின்னால வள்ளத்துல உக்காந்து வெத்தலை போடுறவனையா காட்டப்போற? பழைய மாடல் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கு, மிச்சத் துட்டுக்குப் பேட்டரி வாங்கு.” தண்ணீருக்குள் கீழே போகப் போகச் சிவப்புதான் முதலில் மறையும், அஞ்சாறு மீட்டருக்குக் கீழே படம் முழுக்க நீலமும் பச்சையுமாக வரும், அதனால் சிவப்புக் கண்ணாடி மாட்டு என்று அவர் விளக்கியபோது சங்குகுளிப் பையன் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். “மெய்தான் அண்ணாச்சி. கீழே கை கீறிச்சுன்னா ரத்தம் பச்சையாத்தான் தெரியும். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?” அண்ணாச்சி முகத்தில் அன்றைக்கு வந்த பெருமையைப் படமெடுக்கத்தான் கேமரா இல்லை.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறப்போடு, மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு உப்புக் கல் இருந்தாலும் தண்ணீர் ஏறிவிடும் என்பார். குளிர்ந்த தண்ணீருக்குள் போனதும் உறைக்குள் பனி மூடாமல் இருக்க ஈரம் உறிஞ்சும் பட்டையை வை என்பார். இன்னொரு புத்திமதி இதையெல்லாம்விடப் பெரிது: “கடல் அட்டையைக் கையில தூக்கிக்கிட்டு வீடியோ எடுக்காதலே. 2001லேர்ந்து தடை. அதுக்குப் பேரு வீடியோ இல்ல, வாக்குமூலம்.”

இந்தக் கரைக்கு இவர் புதிய ஆள் என்றும் சொல்ல முடியாது. முத்துக்குளிப்பு நடந்த நாளில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுவது அவர் வேலை. அவர் குளிக்கமாட்டார், சிப்பி பொறுக்கமாட்டார். ஆனால் அவர் இல்லாமல் குளியாட்கள் தண்ணீரில் காலை வைக்கமாட்டார்கள் என்பதால் வெள்ளைக்கார அரசாங்கமே அவரைப் பேணியது. 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்கோ போலோ, எடுக்கிற சிப்பியில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரர்களுக்குப் போனதாக எழுதிவைத்திருக்கிறார். நம் அண்ணாச்சிக்கு ஒரு டீயும் ஒரு வடையும் போதும். விலைவாசி ஏறிய கணக்கில் பார்த்தால் ஊருக்கு இது நல்ல லாபம்.

இந்த அண்ணாச்சிமாரில் ஒருவருக்குக் கடைசியில் கேமரா வந்தேவிட்டது. துபாய் மச்சான் தங்கைக்குச் சேலையும் மாப்பிள்ளைக்குக் கேமராவும் வாங்கிவந்தார், கேட்காமலே. அண்ணாச்சி பெட்டியைப் பூஜை அறையில் வைத்தார். ஒட்டியிருந்த சீலைப் பிரிக்கவில்லை. சீல் உடைந்தால் அந்த நிமிஷமே விலை பாதி என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். மாசி போயிற்று. பங்குனி போயிற்று. கடல் பளிங்காகக் கிடந்து, கலங்கியும் விட்டது. ஆகஸ்டில் புது மாடலைப் பற்றி வதந்தி கிளம்பியதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. இப்போதே தள்ளிவிட்டால் நஷ்டம் கம்மி.

வாங்கிக்கொண்டவன் அந்தத் திரேஸ்புரத்துப் பையன். பாதி ரொக்கம், மீதி தவணை. டீக்கடையிலேயே கைமாறியது. “சொட்டுத் தண்ணி பட்டதில்ல, ஷோரூம் கண்டிஷன்” என்று அண்ணாச்சி தாமே சீலைக் கிழித்துக் கொடுத்தார். எவ்வளவு நஷ்டத்தைத் தவிர்த்தோம் என்று பேப்பரில் கணக்குப் போட்டு எல்லாருக்கும் காட்டினார். பையன் கேமராவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணாச்சி, இதை எப்பிடி ஆன் பண்ணணும்?”

அண்ணாச்சி வாங்கிப் பார்த்தார். மேலே ஒரு பொத்தான், பக்கவாட்டில் ஒரு பொத்தான். ஒன்றை அமுக்கினார். மற்றதையும் அமுக்கினார்.

“பொறு தம்பி” என்று சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, அதற்கான வீடியோவைத் தேட ஆரம்பித்தார்.