இரட்டை வரவுக்காரர்

தபாலில் வர வேண்டிய பொருள் வராமற் போனதற்காக வருந்துகிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம்; வராத பொருளுக்குப் பணம் திரும்பக் கிடைத்த பிறகு, அந்தப் பொருளும் வந்து சேர்ந்துவிட்டதே என்று வருந்துகிற ஒரு வர்க்கமும் பட்டணத்தில் உண்டு. இவர்கள் பெரும்பாலும் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பல வருஷத்து மின்கட்டண ரசீதுகளைக் கம்பியில் கோத்து, எந்த அதிகாரி எப்போது கேட்பாரோ என்று காத்திருப்பவர்கள்.

அத்தகைய ஒருவர் ஜப்பானிலுள்ள ஒரு சிறு கடையிலிருந்து கிரெடிட் கார்டில் மைப்பேனா ஒன்றை வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எழுத்தில் தொடங்கி, ஒன்பது இலக்கங்களைக் கடந்து, ‘ஜேபி’ என்று முடியும் அஞ்சல் எண்ணை மனனம் செய்து, காலையிலும் மாலையிலும் தேடிப் பார்க்கிறார். பெட்டி சென்னையில் சுங்கப் பரிசோதனைக்குப் போனதாக அறிவித்துவிட்டு அந்த எண் மௌன விரதம் பூணுகிறது. புகாருக்குக் கார்டு நிறுவனங்கள் சாதாரணமாக அளிக்கும் 120 நாள் கெடு நெருங்கவே, மனமில்லாமல் வங்கிக்கு எழுதிப் போடுகிறார்; வங்கியும் விற்றவரிடமிருந்து தொகையைப் பிடுங்கி இவர் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

அதன் பிறகு ஒருநாள் தபால்காரர் வந்து, சுங்கத் தீர்வையை வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நம்மவருடைய நித்திரை அன்றோடு போயிற்று.

“பேசாம இருங்க மாமா, யாரு கேக்கப் போறாங்க?” என்று சொன்ன தங்கை மகனை, ஒரு காலத்தில் சர்க்கார் பணத்தில் கைவைத்த குமாஸ்தாவைப் பார்த்த அதே பார்வை பார்த்துவிட்டு, வங்கியைக் கூப்பிடுகிறார். பணம் வரவில்லை என்று சண்டை போடுகிறவர்களுக்கே பதில் சொல்லிப் பழகிய பெண், வந்த பணம் வேண்டாம் என்கிறவரிடம் அகப்பட்டுத் திகைத்து, “அந்தப் புகார் முடிஞ்சு போச்சு சார், கடைக்கே நேரா அனுப்பிடுங்க” என்று தப்பித்துக்கொள்கிறாள். நியாயமான யோசனைதான், பொருளும் விலையும் போனது போதாதென்று, புகாருக்கென்று தனிக் கட்டணமும் அந்தக் கடைக்காரர் தம் வங்கிக்கு அழுதிருக்கக் கூடும்.

ஆனால் எவ்வளவு அனுப்புவது? இங்கேதான் நம்மவருடைய பூர்வாசிரமம் விழித்துக்கொள்கிறது. வாங்கிய அன்று யென்னுக்கு ஒரு மதிப்பு, திரும்பிய அன்று வேறொரு மதிப்பு. அந்நியச் செலாவணிக்கென்று வங்கி மூன்றரைச் சதவிகிதம் பிடித்து, பிடித்ததன்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி.யும் பிடித்திருக்கிறது, ஆகவே போனதும் வந்ததும் ஒத்துப்போகவில்லை. பேரேட்டில் ஒரு முழுப்பக்கம் இந்த வித்தியாசத்துக்கே செலவாயிற்று. தாமதத்துக்கு ஈடாகச் சுங்கத் தீர்வையைக் கழித்துக்கொள்ளலாமா என்ற சபலமும் ஒரு மத்தியானம் எட்டிப் பார்த்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு அதை விரட்டினார்.

கடைசியில் விலையை யென்னிலேயே முழுவதும் செலுத்தி, ரசீது கோரி நான்கு பக்கக் கடிதமும் எழுதினார். இந்த நாணயத்தை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எதுவும் அவருக்கு இல்லாததால், பூங்காவில் நடக்க வருகிறவர்களில் ஒருவர்கூட அதைக் கேளாமல் தப்பவில்லை.

கடைக்காரர் நெகிழ்ந்துபோய், ஒரு குறிப்பேட்டை அன்பளிப்பாக அனுப்பியிருப்பதாகப் பதில் எழுதிவிட்டார். 2019 டிசம்பர் முதல் தபாலில் வரும் அன்பளிப்புக்கும் முழுத் தீர்வை உண்டு என்பது நம்மவருக்குத் தெரியும். இனாமாக வரும் பொருளுக்கு எத்தனை ரூபாய் அழ நேரும் என்று பழைய பேனாவால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். புதிய பேனாவுக்கு மை ஊற்றுவது, ரசீது வந்த பிறகுதானாம்.