குடை ராட்டினத்துக்கு டிக்கெட் எவ்வளவு?

1994இல் நியூயார்க் மாநிலத்துப் பிங்ஹாம்டனில் எம்.எஸ். படித்தபோது, எங்கள் வீட்டு டிவி குப்பையிலிருந்து வந்தது. படிப்பு முடிந்து ஊரைக் காலி செய்கிறவர்கள் சாமான்களைத் தெருவோரம் வைத்துவிட்டுப் போவார்கள். "மச்சான், படம் தெரியுதுடா!" என்று குதித்தான் அறைத்தோழன். தெரிந்தது. கலர்தான் வரவில்லை. நாலு நாள் தலையில் தட்டிப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டோம்.

நள்ளிரவுக்கு மேல் அதில் ராட் செர்லிங் வருவார். இறுக்கமான சூட், விரலிடுக்கில் சிகரெட், பல்லைக் கடித்தபடி பேச்சு. 'த ட்விலைட் ஸோன்' தொடருக்கு அவரே சூத்திரதாரி. அரை மணி நேரத்தில் நம் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு அவர் போய்விடுவார். மறுநாள் லேபில் கொட்டாவி விடுவது என் பொறுப்பு.

தலை நரைத்த பிறகு, ஓர் இலையுதிர் காலத்தில், இத்தாகாவில் அவரைப் பற்றிய கருத்தரங்குக்குக் கிளம்பினேன். கடைசிக் காலத்தில் அவர் பாடம் எடுத்த ஊர் அது. "ஏங்க, டிவிக்குக் கதை எழுதினவருக்கு மாநாடா? நம்ம ஊர்ல சீரியல் எழுதறவங்க பேரு ஓடறப்பதான் குக்கர் விசிலை எண்ணுவோம்" என்றாள் மனைவி.

அரங்கில் இரண்டு கட்சி. கட்டுரை வாசிக்க வந்தவர்கள் ஒன்று, வசனம் ஒப்பிக்க வந்தவர்கள் மற்றொன்று. விமானத்தின் இறக்கையில் பூதம் உட்கார்ந்திருக்கும் கதையை வைத்து, செர்லிங்கின் போர்க்கால மனக்காயத்தை விளக்கிக்கொண்டிருந்தார் ஒரு பேராசிரியர். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "அது ரிச்சர்ட் மேதிசன் எழுதியது. தொடரில் மொத்தம் 156 கதை, செர்லிங் எழுதியது 92." சட்டைப்பை நிறைய பேட்ஜ் குத்தியிருந்த தாத்தா. பேராசிரியர் தண்ணீர் குடித்தார்.

அடுத்தவர் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவின் அழகியலைப் பேசினார். நிழல் எப்படிப் பாத்திரமாகிறது என்று அரை மணி நேரம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: தொடரே கறுப்பு வெள்ளைதான்! இத்தனை வருடமாக அந்த டிவியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு விளம்பரதாரர்களோடு செர்லிங் பட்ட பாடு. எமட் டில் என்ற கறுப்பினச் சிறுவனின் கொலையை மனத்தில் வைத்து 1956இல் அவர் ஒரு நாடகம் எழுதினார். கதையைத் தெற்கிலிருந்து நியூ இங்கிலாந்துக்கு நகர்த்தினார்கள். தெற்கு மாநிலங்களை நினைவூட்டும் என்று கோக் பாட்டிலைக்கூட விட்டுவைக்கவில்லை. வெறுத்துப்போன மனிதர், சொல்ல வேண்டியதைச் செவ்வாய்க்கிரகத்து ஆட்களின் வாயில் வைத்துச் சொன்னார். யாரும் தடுக்கவில்லை. உருக்கமாகக் கேட்டு முடித்தோம். உடனே மேடையேறியவர் மதிய உணவை வழங்கிய விளம்பரதாரர்களுக்கு நன்றி சொன்னார். பலமாகக் கைதட்டினோம். செர்லிங் சிகரெட்டோடு நிற்கும் படம் போட்ட கோப்பையும் ஒன்று வாங்கினேன். அந்த மனிதர் 50 வயதில், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார்.

எல்லோரும் கொண்டாடிய கதை 1959இல் வந்த 'வாக்கிங் டிஸ்டன்ஸ்'. நடுவயதுக்காரன் ஒருவன் பிறந்த ஊருக்குப் போகிறான். குடை ராட்டினத்தில் சிறுவனான தன்னையே பார்க்கிறான். இது அந்தப் பையனின் காலம், நீ கிளம்பு என்று அப்பாவே அனுப்பிவிடுகிறார். செர்லிங் வளர்ந்த பிங்ஹாம்டனின் ரெக்ரியேஷன் பூங்காதான் அதற்கு விதை என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கோடை முழுக்க அந்தப் பூங்காவைக் கடந்துதான் மளிகை வாங்கப் போனேன். ராட்டினத்தின் இசை தெருவரை வரும். டிக்கெட் இரண்டு டாலராவது இருக்கும், அதற்கு நாலு ரொட்டி வாங்கலாம் என்று நடையை எட்டிப் போடுவேன்.

கதை சொன்ன புத்திமதியை மறந்து, மறுநாளே காரை அங்கே விட்டேன். ராட்டினத்தைச் சுற்றிக் கதவுகளை அடைத்திருந்தார்கள். நாயோடு நடந்துவந்த பெண்மணி சொன்னார்: "கோடை முடிந்தால் மூடிவிடுவார்கள்."

"டிக்கெட் எவ்வளவு?"

"டிக்கெட்டா? 1925இல் இதைக் கொடுத்த செருப்புக் கம்பெனி முதலாளி, காசு வாங்கவே கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். என்றைக்குமே இலவசம்தான்."