மூடியைத் திறந்து வையுங்கள், டிஷ்ஷை மறைத்து வையுங்கள்

கண்ணுக்குத் தெரியாத இரண்டு சமாசாரங்கள் உங்கள் வீட்டுக்குள் தினமும் உலவுகின்றன. ஒன்று, நீங்கள் மாதா மாதம் ரீசார்ஜ் செய்யும் காசுக்காக 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கி வரும் டிவி சிக்னல். இன்னொன்று முழுக்க உங்கள் சொந்தத் தயாரிப்பு: பாத்ரூமில் ஃப்ளஷ்ஷை அழுத்தியதும் கிளம்பும் கிருமி. முதலாவதை வாசலிலேயே தடுக்க வேண்டும், இரண்டாவதை வீடு முழுக்க விநியோகிக்க வேண்டும். மலைக்காதீர்கள். பாதி வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள், மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

1. மூடிக்குச் செலவு செய்யுங்கள், மூடாதீர்கள்

டாய்லெட் வாங்கும்போது, சத்தமில்லாமல் மெல்ல இறங்குகிற மூடியாகப் பார்த்துக் கூடுதல் காசு கொடுத்து வாங்குங்கள். மாட்டிய பிறகு அதை இறக்கவே இறக்காதீர்கள். பல்பு மாற்ற ஏறி நிற்கும்போது மட்டும் விதிவிலக்கு.

ஃப்ளஷ்ஷில் சின்னது, பெரியது என்று இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் சேர்த்து அமுக்குங்கள். தண்ணீர் எத்தனை ஆவேசமாக இறங்குகிறதோ, அத்தனை நுண்துளி மேலே ஏறும். 2022இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பச்சை லேசரைப் பாய்ச்சி இதைப் படமே பிடித்துவிட்டார்கள். பொதுக் கழிவறைகளில் இருக்கும் மூடியில்லாத கோப்பை அது. துளிகள் விநாடிக்கு 2 மீட்டர் வேகம் வரை எழும்பி, 8 விநாடிக்குள் ஒன்றரை மீட்டர் உயரத்தைத் தொட்டன. ஆகவே அழுத்திவிட்டு ஓடாதீர்கள். எல்லாம் சரியாகப் போயிற்றா என்று குனிந்து, நிதானமாகப் பாருங்கள். பெரிய துளிகள் உடனே விழுந்துவிடும். சின்னவை காய்ந்து, சுருங்கி, நிமிடக் கணக்கில் மிதக்கும். பல் தேய்க்க உகந்த நேரம் அதுதான்.

பல் தேய்க்கும் பிரஷ்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தினர் அத்தனை பேருடையதையும் ஒரே பிளாஸ்டிக் டம்ளரில், தலைகள் உரச, ஃப்ளஷ் டேங்கின் மேலேயே வையுங்கள். வெளியூரிலிருந்து வந்த சித்தப்பாவின் பிரஷ்ஷுக்கும் அதில் இடம் உண்டு.

வீட்டில் படித்த பிள்ளை யாராவது மூடியை மூடச் சொன்னால், நுண்ணுயிரியலாளர் சார்லஸ் கெர்பாவின் பெயரைச் சொல்லி மடக்குங்கள். பல முறை ஃப்ளஷ் செய்த பிறகும் கோப்பையில் கிருமி மிச்சமிருப்பதையும், அது துளியாகக் கிளம்பி பாத்ரூம் பரப்புகளில் படிவதையும் 1975இலேயே எழுதியவர் அவர். அவருடைய குழு 2024இல் வெளியிட்ட ஆய்வு, மூடியை மூடினாலும் வைரஸ் சுற்றிலும் படிவது பெரிதாகக் குறையவில்லை என்கிறது. போதாதா நமக்கு? கிருமிநாசினி ஊற்றித் தேய்த்தால் நன்றாகவே குறைகிறது என்று அதே ஆய்வில் இன்னொரு சேதியும் உண்டு. அதுவரை படிக்க வேண்டாம்.

பயிற்சியாளன் என்ற முறையில் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். வீட்டுப் பாத்ரூமில் மிதக்கும் துளியால் மட்டுமே ஒருவர் நோயில் விழுந்தார் என்று நேராக நிரூபிப்பது கடினம். வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்குக் கையும் வாயும்தான் ராஜபாட்டை. எனவே காற்றை மட்டும் நம்பி உட்காராமல், சோப்புப் போடாமல் வெளியே வாருங்கள். விரல் நுனியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் பட்டால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும், கிருமிக்கும் ஒரு குறையும் வராது.

2. உபயோகிக்காத பாத்ரூமைப் பூட்டி வையுங்கள்

இரண்டாவது பாத்ரூம் உள்ளவர்களுக்கு மட்டும் இது. கல்யாணத்துக்கு வந்த வெண்கலப் பாத்திரம், கொலுப் பெட்டி, கைப்பிடி அறுந்த சூட்கேஸ் எல்லாவற்றையும் அதில் போட்டுக் கதவைச் சாத்துங்கள். தரையில் இருக்கும் ஜாலிக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடைக் குழாயின் காற்று மேலே ஏறாமல் அடைத்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் காயப்போட்டால் வளைவு வற்றிவிடும், வழி திறந்துவிடும்.

இப்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, கதவு, ஜன்னல் இடுக்கையெல்லாம் இறுக்கி அடையுங்கள். ஃபேன் அறையின் காற்றை வெளியே தள்ளும். அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டுமே? குழாய் வழியாக வரும். 2003இல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிகளில் 300 பேருக்கு மேல் படுத்தார்கள். காரணம் தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து நின்றது இந்த ஜாலிக்கு முன்னால்தான். தரையை மாப் மட்டும் போட்டுத் துடைத்ததால் வற்றிய வளைவுகள், அதன் வழியே கழிவுநீர்த் துளிகளை உள்ளே இழுத்த பாத்ரூம் ஃபேன்கள். வாரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் நம் வீட்டில் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். அதனால் ஊற்றாதீர்கள். நாற்றம் வந்தால் ரசகற்பூர உருண்டை நாலு வாங்கிப் போடுங்கள்.

3. பக்கெட்டை அப்படியே விடுங்கள்

விளிம்பிலும் மக்கின் அடியிலும் இளஞ்சிவப்பாக ஒரு வழவழப்பு ஏறும். பெரும்பாலும் செராட்டியா என்ற பாக்டீரியா. ஈரமும் சோப்பின் மிச்சமும் அதற்குப் போதும். பிளாஸ்டிக் சாயம் போகிறது என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

4. இரண்டு துறையையும் ஒரே ஓட்டையில் இணையுங்கள்

டிஷ் மாட்ட வந்த தம்பி, வயரை எந்த வழியாகக் கொண்டுவரட்டும் என்று கேட்பார். சுவரில் துளை போட்டால் பெயின்ட் போய்விடும். பாத்ரூம் வென்டிலேட்டரைக் காட்டுங்கள். அவர் லூவர் கண்ணாடி ஒன்றை உருவித் தண்ணீர்த் தொட்டி மேல் வைப்பார். அது அங்கேயே தங்கிவிடும். கறுப்பு வயர் கீசருக்கு மேலாகத் தொங்கி, கதவின் மேல் மூலை வழியாக ஹாலுக்குப் போகும். நீளம் போதாமல் நடுவில் ஓர் ஒட்டு வரும். அதை வெறும் கையால் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றச் சொல்லுங்கள், கனெக்டர் கேட்காதீர்கள். தினமும் காலையில் வெந்நீர் ஆவி டேப்பின் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கும். உள்ளே செம்பு பச்சை பூக்கும்.

ஒட்டுக்கு இது ஏன் சிறந்த இடம் தெரியுமா? செயற்கைக்கோளிலிருந்து வருவது 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலை. அந்த அலைவரிசையில் அதை இந்த வயரில் விட்டால் வழியிலேயே கரைந்துவிடும். அதனால்தான் டிஷ்ஷின் கம்பி முனையில் இருக்கும் எல்.என்.பி. அதைப் பெருக்கி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கிக் கீழே அனுப்புகிறது. அந்த எல்.என்.பி.க்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் செட்-டாப் பாக்ஸிலிருந்து இதே வயரில்தான் மேலே போகிறது. எந்த வோல்ட் என்பதைப் பொறுத்துத்தான் எந்தச் சேனல் கூட்டம் என்று அது முடிவு செய்யும். ஒட்டில் வோல்ட் கொஞ்சம் விழுந்தால் போதும், பாதி சேனல்கள் வரும், பாதி வராது. நீங்கள் பேக்கேஜ் காலாவதி என்று நினைத்து இன்னொரு தடவை பணம் கட்டுவீர்கள். அருமை.

5. மொட்டை மாடியில் கொடி கட்டுங்கள்

சென்னையிலிருந்து பார்த்தால் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் செயற்கைக்கோள் தென்கிழக்கில், வாஸ்துக்காரர்கள் அக்னி மூலை என்கிற திசையில், தலைக்கு மேல் வெகு உயரத்தில் நிற்கிறது. டிஷ்ஷின் முகம் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்கைப் பார்ப்பது போலத் தோன்றும். ஏமாறாதீர்கள், அது உண்மையில் பார்ப்பது இன்னும் இருபது டிகிரிக்கு மேல் உயரே. மறைப்பதென்றால் சரியாக மறைக்க வேண்டும். எல்.என்.பி. கம்பியில் கொடியின் ஒரு நுனியைக் கட்டி ஈரப் போர்வையைக் காயப்போடுங்கள். அது இழுக்கிற இழுப்பில் டிஷ்ஷும் கொஞ்சம் திரும்பும்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? 2010 ஜூலையில், இதே 93.5 டிகிரியில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதி நின்றது. அதில் ஒளிபரப்பி வந்த சன் டைரக்ட், 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3க்கு மாறியது. வித்தியாசம் இரண்டே டிகிரி. அதற்காக மாடி மாடியாக ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது. இரண்டு டிகிரியை உங்கள் போர்வை பார்த்துக்கொள்ளும்.

திரும்பிய டிஷ்ஷைச் சரிசெய்ய, அப்பா காலத்து முறையையே பின்பற்றுங்கள். ஒருவர் மேலே, ஒருவர் ஹாலில். “வந்துச்சா?” “இல்ல!” “இப்போ?” இலங்கையின் ரூபவாஹினி டிவியைப் பிடிக்க ஆன்டெனாவைத் திருப்பிய காலத்தில் புள்ளி குறையக் குறைய வழி தெரிந்தது. டிஜிட்டலில் அந்த ஜாடை கிடையாது. பாக்ஸ் சிக்னலைப் பிடித்துக்கொள்ளவே சில விநாடி ஆகும். நீங்கள் அதற்குள் தாண்டிப் போய்விட வேண்டும்.

செட்டிங்கில் இருக்கும் இரண்டு பட்டைகளையும் பார்க்காதீர்கள். பார்த்தே தீருவேன் என்றால் ஸ்ட்ரெங்த்தை மட்டும் பாருங்கள். வெறும் இரைச்சலுக்கும் அது உயரும். உண்மையைச் சொல்வது குவாலிட்டி. பழைய டிவிபி-எஸ் ஒளிபரப்பு முறையில் ஒவ்வொரு 188 பைட்டுக்கும் 16 பைட் காவல் போகும். எட்டு பைட் வரை கெட்டால் அதுவே திருத்திவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஒன்பதாவது கெட்டால் திருத்த முடியாது. கிணற்றுச் சுவர் மேல் நடக்கிறவன் மாதிரி: விழும்வரை நடை கம்பீரமாகத்தான் இருக்கும். படம் நன்றாக இருக்கும்வரை எதையும் தொடாமல் விடுவதுதான் உங்கள் பலம்.

6. மழைக்குக் காத்திருங்கள்

ஐப்பசியில் புயல் கரையைக் கடக்கும் நேரத்தில் செய்தியாளரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, வாய் திறந்தபடி நிற்கும். இந்த அலையின் நீளமே இரண்டரை சென்டிமீட்டர்தான், பெருமழைத் துளிகள் அதை விழுங்கிச் சிதறடித்துவிடும். கேபிள்காரரின் பெரிய சி-பேண்ட் குடைக்கு வருவது ஏழெட்டு சென்டிமீட்டர் அலை, அது தப்பித்து வரும். பெருமழையின் அடர்ந்த பகுதி பெரும்பாலும் சில நிமிடங்களில் நகர்ந்துவிடும். அதுவரை பொறுக்காதீர்கள். குடையோடு மேலே போய், நன்றாக இருந்த டிஷ்ஷைத் திருப்பி வையுங்கள். மழை விட்ட பிறகும் படம் வராதபடி செய்ய இதைவிட எளிய வழி இல்லை. மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து முற்பகலில் சில நிமிடம் படத்தை மறைக்கும். அப்போதும் இதே வைத்தியம்.

7. போனை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்

டிவி நின்றதும் போனில் அதே செய்தியைப் போட்டு, பாத்ரூமுக்குள் நுழையுங்கள். ஃப்ளஷ் டேங்கின் மேல் பிரஷ் டம்ளருக்குச் சாய்த்து நிறுத்தினால் திரை சரியான கோணத்தில் நிற்கும். அங்கிருந்தே கஸ்டமர் கேருக்குப் போன் போடுங்கள். இசை ஓடும், அதற்குள் ஃப்ளஷ்ஷை அழுத்திவிடலாம். பிறகு போனைக் காதில் ஒட்டிக்கொண்டு, வயரில் தலை இடிக்காமல் வெளியே வாருங்கள். பாக்ஸை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். ரிமோட்டை வாங்கிய நாள் முதல் அதே பாலித்தீன் கவரில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? கவருக்குள் விரலை விட்டு அழுத்துங்கள். வேலை செய்யாவிட்டால் கவரைப் பல்லால் கிழித்துவிட்டு மறுபடி அழுத்துங்கள்.