நான் தூங்கவே இல்லை, டாக்டர்

அந்தப் படிவத்தில் எட்டே கேள்விகள். உட்கார்ந்து படிக்கும்போது கண் அசருமா, டி.வி. பார்க்கும்போது அசருமா, மத்தியானம் படுத்தால் அசருமா என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை நாமே மார்க் போட்டுக்கொள்ளலாம். மெல்போர்னின் எப்வொர்த் மருத்துவமனையில் இருந்த டாக்டர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது. உலகம் முழுக்கத் தூக்க டாக்டர்கள் இதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறிப் போகிறது என்று அர்த்தம். குறைவாக மார்க் வாங்கினால் பாஸ் என்ற பரீட்சை எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல். திருப்தியாக ஆறு போட்டுவிட்டுப் பேனாவை மூடினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, ஆறாவது கேள்விக்கு பூஜ்யமா?”

ஆறாவது கேள்வி: யாருடனாவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது.

“யாரோட பேசிட்டிருக்கும்போது நான் தூங்கினேன்?”

“என்னோட.”

பேனா கை மாறியது. பூஜ்யம் மூன்றாயிற்று. அடுத்த கேள்வி, மது அருந்தாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்பது. அதை அவள் வாய்விட்டே படித்தாள். ‘மது’ என்ற சொல் கேட்டதும் எதிர் நாற்காலிக்காரர் ஆர்வமாக நிமிர்ந்தார். “இவருக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லைங்க. சாம்பார் சாதத்துக்கே இப்படி” என்று காத்திருந்த எல்லோருக்கும் பொதுவாக விளக்கம் கொடுத்தாள். டாக்டரின் அறைக்குள் நான் பதினேழு மார்க்கோடு போனேன்.

இத்தனைக்கும் நான் சொல்லப் போன வியாதி நேர் எதிர். எனக்கு ராத்திரியில் தூக்கமே கிடையாது. ஒரு மணியும் தெரியும், இரண்டு மணியும் தெரியும், பால் வண்டி வருவதும் தெரியும். “பொட்டுத் தூக்கம் இல்லை, டாக்டர்” என்றேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. செல்போனை மேஜைமேல் வைத்து ஒரு பதிவை ஓட விட்டாள். செங்கல் லாரி மேட்டில் ஏறுவது போன்ற சத்தம். சட்டென்று அது நின்றது. டாக்டர் கை உயர்த்தி எங்களை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, சத்தத்தை விட்டு அந்த நிசப்தத்தைக் கைக்கடிகாரம் பார்த்துக் கேட்டார். இருபது விநாடிக்கு மேல் போயிற்று. பிறகு ஒரு பெரிய திணறல்; லாரி மறுபடி கிளம்பியது.

“இதுதான் விஷயம்” என்றார். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்கிறது, நாக்கு பின்னால் சரிகிறது, மூச்சுப் பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறிப்போய் ஆளை ஓரிரு விநாடிகள் உசுப்புகிறது. தசை இறுகி வழி திறக்கிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. பத்து விநாடியாவது மூச்சு நின்றால் அதற்கு ஆப்னியா என்று பெயர். முழு அடைப்பும் அரை அடைப்பும் சேர்த்து மணிக்கு ஐந்து தடவை வந்தால் லேசானது, பதினைந்து நடுத்தரம், முப்பது கடுமை. உசுப்பப்பட்டது பெரும்பாலும் காலையில் ஞாபகம் இருக்காது.

“அப்போ நான் தூங்கறேனா, தூங்கலையா?”

“ரெண்டும்தான்” என்றார் டாக்டர். எங்கள் இல்லறத்தில் இரு தரப்பும் ஜெயித்த வழக்கு அது ஒன்றுதான்.

வயிற்றுவலி என்றால் வலிக்கிறவன் சொல்வதுதான் வேதவாக்கு. தூக்கத்தில் மட்டும் சொந்தக்காரனின் சாட்சி செல்லாது. சம்பவம் நடந்த நேரத்தில் அவன் ஊரில் இல்லை. தூக்கமே இல்லை என்று சத்தியம் செய்கிற சிலரை ஆய்வகத்தில் படுக்கவைத்து மூளை அலைகளை எடுத்தால், நாம் பொறாமைப்படும் அளவுக்குத் தூங்கியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதற்கும் மருத்துவத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆகவே தூக்க ஆராய்ச்சி என்பதே நம்பகமான வெளிச்சாட்சி ஒன்றைத் தேடிய கதைதான் என்பது என் அபிப்பிராயம். நம் வீடுகளில் அந்தச் சாட்சி பக்கத்துத் தலையணையில் தலைமுறை தலைமுறையாகச் சம்பளமில்லாமல் வேலை பார்த்துவந்தது. டொரொன்டோவின் டாக்டர் ஃப்ரான்சிஸ் சங் குழுவினர் 2008-இல் வெளியிட்ட இன்னொரு கேள்வித்தாளில், ‘தூக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?’ என்று கேட்டிருக்கிறார்கள். மனைவிக்கு அதிகாரபூர்வமான பதவி கிடைத்துவிட்டது. அதே தாளில் கழுத்துச் சுற்றளவும் உண்டு. நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் ஒரு புள்ளி. எனக்கு நாற்பத்திரண்டு. பிறகு வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னார். தொண்டை எவ்வளவு தெரிகிறது என்பதற்கு ஒரு தரவரிசை; ஆந்திராவில் பிறந்து அமெரிக்கா போன மயக்க மருந்து நிபுணர் மல்லம்பட்டி 1985-இல் தொடங்கிவைத்தது. ஒன்றாம் வகுப்பில் உள்நாக்கு முழுசாகத் தெரியும். என்னுடையதைப் பார்த்துவிட்டு டாக்டர் “நாலு” என்றார். அதற்கு மேல் வகுப்பு இல்லை.

ஒரு ராத்திரி தூக்க ஆய்வகத்தில் தங்கித் தூங்கிக் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. காசு கொடுத்து, பிறர் பார்க்க, தூங்குவது!

ஒயர் மாட்டியவர் தென்காசிப் பக்கத்துத் தம்பி. டேப்பை எடுத்து மூக்குக்கு மேலிருந்து பிடரி வரை, காதுக்குக் காது, தலையை அளந்து பென்சிலால் புள்ளி வைத்தார். தலை எந்த அளவாக இருந்தாலும் அதைப் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பங்கு பிரித்து மின்முனை ஒட்டும் முறை 1958 முதல் இருக்கிறதாம். முடி அதிகமிருந்தால் ஒட்டுவது கஷ்டம் என்றார். “உங்களுக்குச் சீக்கிரம் முடிஞ்சிரும் சார்.” மணல் மாதிரி நரநரவென்றிருந்த ஒரு பசையால் தோலைத் தேய்த்து, அதன்மேல் வேறு பசை வைத்து, ஒயர்களை ஒட்டினார். கண்ணோரத்தில், தாடையில், மார்பில், முழங்காலுக்குக் கீழே. மூக்கில் ஒரு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரல் நுனியில் சிவப்பு விளக்கு, தொண்டையில் மைக்.

எல்லாம் முடிந்ததும் அவர் அடுத்த அறைக்குப் போய் ஒலிபெருக்கியில் பேசினார். “தலையை ஆட்டாம மேல பாருங்க சார். கீழ பாருங்க. பல்லைக் கடிங்க. இடது காலை ஆட்டுங்க. இப்ப குறட்டை விடுங்க.”

“எனக்குக் குறட்டை கிடையாது தம்பி.”

“சும்மா ஒரு தடவை சார். மைக் டெஸ்ட்.”

ஊர்த் திருவிழாவில்கூட எனக்குக் கிடைக்காத வாய்ப்பு. விட்டேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். மருத்துவமனை, ஒயர் எதுவும் அவளுக்குக் கவலையில்லை. “தலை எந்தப் பக்கம்டா?” என்றாள். தம்பி உள்ளே வந்து தன் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தார். அசல் வடக்கு. ஒயரெல்லாம் போய்ச் சேரும் பெட்டி கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் பதித்திருந்ததால் ஆளைத் திருப்ப வழியில்லை. “கிழக்குதான் பாட்டி” என்று என் போனில் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்து, “சரி சார், வீட்டுல தூங்கற மாதிரி இயல்பா தூங்குங்க” என்றார். உத்தரத்தில் கேமரா, இருட்டிலும் பார்க்கும் ரகம்.

புது இடத்தில் முதல் இரவு தூக்கம் பிடிக்காது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆய்வகத்தில் அது பெரிய தலைவலி. முதல் இரவுப் பதிவை நம்புவதா என்ற பிரச்சினை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016-இல் இதை ஆராய்ந்தபோது, புது இடத்தில் ஆழ்ந்து தூங்கும் நேரத்தில் மூளையின் இடது பாதி வலது பாதியைவிட விழிப்பாக இருந்து வெளிச்சத்தங்களுக்குக் காது கொடுப்பது தெரியவந்தது. எனக்கு இரண்டு பாதியும் காவலுக்கு நின்றன என்றே நினைக்கிறேன். நடுவில் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. மணியெல்லாம் இல்லை. கூப்பிட்டால் கேட்கும் என்றிருந்தார்கள். இருட்டில் உத்தரத்தைப் பார்த்து “தம்பி” என்று கூப்பிட்டேன். “சொல்லுங்க சார்” என்று அசரீரி வந்தது. ஆள் வந்து பெட்டியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். சகல ஒயர்களோடும் நடந்தேன்.

திரும்பிவந்து படுத்தபோது அசெரின்ஸ்கியின் பையன் ஞாபகம் வந்தான். 1950-களின் தொடக்கத்தில் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர், மூலையில் கிடந்த பழைய மூளை அலைப் பதிவுக் கருவி ஒன்றைத் தட்டிக்கொட்டி, எட்டு வயது மகன் ஆர்மண்டின் தலையில் ஒயரை ஒட்டித் தூங்கவைத்தார். ஒரு ராத்திரிக்கு அரை மைல் நீளக் காகிதம் ஓடியது. நடுவில் பேனா தாறுமாறாக ஆட, கருவி பழுது என்றுதான் முதலில் நினைத்தார். பழுதில்லை, பையனின் விழிகள் மூடிய இமைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. கனவு அதிகம் வரும் தூக்கநிலை அப்படித்தான் அகப்பட்டது. பேராசிரியர் கிளைட்மன் லேசில் நம்பவில்லை. தன் மகளையே படுக்கவைத்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். 1953-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆர்மண்டின் அம்மா இதற்கெல்லாம் என்ன சொன்னார் என்று எந்த இதழும் கேட்டதாகத் தெரியவில்லை.

காலையில் தம்பி பசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, “டெஸ்ட் வேஸ்ட் தம்பி, கண்ணே மூடலை” என்றேன். “ஆறு மணி நேரம் பத்து நிமிஷம் தூங்கியிருக்கீங்க சார்.” முப்பது விநாடிக்கு ஒரு பக்கமாக இரவு முழுவதையும் புரட்டி, இது மேலோட்டமான தூக்கம், இது ஆழம், இது கனவு என்று மனிதர் ஒருவர் உட்கார்ந்து குறிக்கிறார்; எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கம். அவ்வளவு பெரிய நாவலில் என் பங்குக்கு மணிக்கு 38 தடவை மூச்சு தடைப்பட்டு, ஆக்சிஜன் 79 சதவீதம் வரை இறங்கியிருந்தது. சிரிக்கிற சமாசாரம் இல்லைதான். ரத்த அழுத்தம், இதயம், ஸ்டியரிங்கில் அசந்துபோவது என்று இதன் பின்விளைவுகளின் பட்டியல் நீளம்.

என் சகலைக்கு நிஜமான தூக்கமின்மை. அவருக்குக் கிடைத்த வைத்தியத்தைக் கேட்டு என் வியாதியே தேவலை என்று நினைத்தேன். தூங்க முடியாதவரிடம் ‘குறைவாகத் தூங்குங்கள்’ என்பது. ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் கொண்டுவந்த முறை. உண்மையாகத் தூங்கும் நேரம் ஐந்தரை மணியா? அவ்வளவு நேரம்தான் கட்டில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இதோடு ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் சொன்ன இன்னொன்று: தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். மாத்திரைக்கு முன்னால் இந்த வகைப் பயிற்சியைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் அறிவித்தது. ஆனால் பூட்சின் சொன்ன வேறு அறைக்குச் சகலை எங்கே போவார்? ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட். ஹாலில் மாமியார். மிச்சம் சமையலறை. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போன மாமியார், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் இருட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்து அலறியதில் மேல்வீட்டு விளக்கும் எரிந்தது. இருந்தும் விடாமல் செய்தார். இப்போது நன்றாகத் தூங்குகிறார். மாமியாருக்குத்தான் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கையில் கட்டும் வாட்ச் சாட்சி சொல்லாதா என்று கேட்பீர்கள். அசையாமல் கிடந்தால் பெரும்பாலும் தூக்கம் என்றே அது எழுதிக்கொள்ளும். விட்டத்தைப் பார்த்து விழித்துக் கிடந்தவருக்கும் நல்ல மார்க் விழும். அந்த மார்க்கைப் பார்த்துப் பார்த்தே தூக்கம் கெட்டவர்கள் பெருகி, அதற்கு 2017-இல் ஆர்த்தோசோம்னியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு எழுதிக் கொடுத்தது சீபேப் மெஷின். மூக்கில் முகமூடி மாட்டி, காற்றை மெல்ல அழுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி ஊதவைத்து உண்டாக்கியது. 1981-இல் ‘லான்செட்’டில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதற்கு முன்னால் கடுமையான கேஸ்களுக்குக் கழுத்தில் துளை போடுவார்கள் என்று கேட்டதும் நான் முகமூடி பற்றிய ஆட்சேபணைகளை வாபஸ் வாங்கினேன். ஆனாலும் வேறு வழி உண்டா என்று விசாரித்தேன். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலை நான்கு மாதம் ஊதிப் பழகியவர்களுக்கு ஆப்னியா குறைந்ததாகச் சுவிட்சர்லாந்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். நடுத்தரக் கேஸ்கள், மொத்தம் 25 பேர். 2017-இல் அதற்குச் சமாதானத்துக்கான இக் நோபல் பரிசு. வீட்டிலேயே நாகஸ்வரம் பழகலாமா என்றேன். “மெஷினே வாங்கிடலாங்க” என்றாள் மனைவி.

அவள் அதற்குள் மயோ கிளினிக்கின் 1999-ஆம் வருஷ ஆய்வு ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தாள். பத்துத் தம்பதிகளைச் சேர்த்துப் படுக்கவைத்து, குறட்டை விட்ட கணவர்களுக்கு மட்டுமல்லாமல் பக்கத்தில் படுத்த மனைவிகளுக்கும் ஒயர் மாட்டியிருக்கிறார்கள். கணவனுக்கு முகமூடி மாட்டியதும் படுக்கும் நேரத்தில் மனைவி உண்மையாகத் தூங்கும் பங்கு 74 சதவீதத்திலிருந்து 87-க்கு ஏறியது. கணக்குப் பார்த்தால் ராத்திரிக்கு ஒரு மணி நேரம். “இருபத்தஞ்சு வருஷத்துக்கு எவ்வளவு ஆச்சு பாருங்க” என்றாள். அரியர்ஸ் கேட்கிற தொனி.

மெஷின் என்னைவிட ஒழுங்கு. எத்தனை மணிக்கு மாட்டினேன், எப்போது கழற்றினேன், எவ்வளவு காற்று கசிந்தது என்று தானே செய்தி அனுப்பிவிடுகிறது. அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டுக்காரர்கள், ராத்திரிக்கு நான்கு மணி நேரமாவது, முப்பது நாளில் எழுபது சதவீத நாளாவது மாட்டியிருக்கிறாரா என்று இதைப் பார்த்துத்தான் தொடர்ந்து பணம் கொடுக்கிறார்கள். இங்கே காப்பீட்டுக்குப் பதில் ஒரு பெண் போன் செய்கிறார்.

“சார், நேத்து நைட் ஒண்ணரை மணி நேரம்தான் காட்டுது.”

“கரன்ட் போயிடுச்சும்மா.”

“கரன்ட் ரெண்டு மணிக்கே வந்துடுச்சு” என்று மனைவி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். “மறுபடி மாட்டலைம்மா, இவர். இடது பக்கம் திரும்பிப் படுத்தா கொஞ்சம் பரவாயில்லை. மல்லாந்தா பழையபடிதான்.” அந்தப் பெண் மறுமுனையில் குறித்துக்கொள்வது கேட்டது. கசிவு எந்தப் பக்கம் என்றார், மனைவி சொன்னாள். முகமூடிப் பட்டையை ஒரு துளை இறுக்கலாமா என்று இருவரும் ஆலோசித்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, சாய்வு நாற்காலி, சாப்பிட்ட நேரம் வேறு.

“மேடம், பின்னாடி ஏதோ சத்தம் வருதே, மெஷின் ஆன்ல இருக்கா?” என்று அந்தப் பெண் கேட்டாராம். இல்லை என்று மனைவி பதில் சொன்னாளாம்.